எழுந்து நிற்கும் வரை

வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு லாயத்தில், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் ஓர் ஆண் குதிரைக்குக் காயடித்தேன். அறுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குதிரையின் வாய் கோணிப்போனது என்னால்தான். அது தெரிந்தும் அதன் உரிமையாளரிடம் பொய் சொன்னேன்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் குதிரைக்கு அறுவை அரங்கு தேடினால் கிடைக்காது. கல் இல்லாத மண்தரை, வேப்பமர நிழல், இரண்டு ஆள். வேலையை முடித்துவிடலாம். சாதாரணக் காயடிப்புக்குக் கழுத்துச் சிரையில் போடும் ஊசியே போதும். முதலில் தணிப்பு மருந்தான சைலசின், எடையில் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம். சில நிமிடம் பொறுக்க வேண்டும். தலை முழங்கால் மட்டத்துக்குத் தொங்கி, கீழுதடு தளர்ந்த பிறகே மயக்க மருந்தான கெட்டமின், கிலோவுக்கு 2.2 மில்லிகிராம். அவசரப்பட்டு முந்திப் போட்டால் குதிரை துள்ளித் திமிறி விழும். சரியாகப் போட்டால் மடங்கி உட்கார்ந்து சாயும். ஏறக்குறைய கால் மணி நேரம் நம் கையில்.

அன்று அதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் கேட்டு மிரளக்கூடாதென்று இரண்டு காதிலும் பஞ்சு அடைத்தேன், கண்மேல் ஈரத்துண்டு போட்டேன். முகத்தில் மாட்டியிருந்த வாரைக் கழற்ற மட்டும் மறந்தேன். மறந்தேன் என்பதுகூட முழு உண்மையில்லை. எழும்போது பிடித்து நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். குதிரை இடப்பக்கமாகப் படுத்திருந்தது. அந்த வாரின் பித்தளை வளையம் கன்னத்துக்கும் தரைக்கும் நடுவே சிக்கியிருந்தது. முகத்தை அசைக்கும் நரம்பு அந்த இடத்தில் தாடைத் தசையின் மேல், தோலுக்கு ஒட்டியே ஓடுகிறது. இதைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே படித்தவன் நான். குதிரை மயங்கி விழுந்ததும் முகவாரைக் கழற்று, இல்லையென்றால் அடியில் மெத்தை வை என்பது பாலபாடம்.

அடுத்து நான் போக வேண்டிய வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. தையல், ஊசி எல்லாம் முடிந்ததும் "கொஞ்ச நேரத்துல எழுந்துடும், பக்கத்துல போகாதீங்க" என்று லாயத்து ஆளிடம் சொல்லிவிட்டு, குதிரை தரையில் கிடக்கும்போதே வண்டியைக் கிளப்பினேன். நின்றிருந்தால், தலையை ஒருமுறை தூக்கிப் பார்த்திருந்தால், வளையம் கண்ணில் பட்டிருக்கும்.

என் அலட்சியத்துக்கு ஒரு புள்ளிவிவரமும் துணையிருந்தது. 40,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. வயிற்றுவலி அறுவைகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும் மயக்கம் கொடுத்தவற்றில் 1,000-க்கு 9 இறந்திருந்தன. சிரை ஊசி மட்டும் போட்டவற்றில் அந்த எண்ணிக்கை 1,000-க்குச் சுமார் 3. 'நம்முடையது சின்ன மயக்கம்தானே' என்ற தைரியம் அதிலிருந்து வந்தது. இறந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலும்பு முறிவாலும் தசைச் சிதைவாலும் போனவை. குதிரைக்குத் தன் எடையே எதிரி. எழும்போது தடுமாறினால் கால் முறியலாம். இந்தப் பாதியைப் படித்திருந்தும் மனதில் வைக்கவில்லை.

மறுநாள் உரிமையாளர் போன் செய்தார். "சார், வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. புல்லு வாயில நிக்கமாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். இடப்பக்க உதடு தொங்கியிருந்தது, மூக்கு வலப்பக்கம் இழுத்திருந்தது. மென்ற தீவனம் இடக்கன்னத்தில் உருண்டையாகத் தங்கியிருந்தது. கன்னத்தில் வளையம் பதிந்த தடம் இன்னும் மறையவில்லை. அதைத் தடவியபடியே, "ராத்திரி குளிர்காத்து பட்டிருக்கும்" என்றேன். வீக்கம் குறைய மருந்தும் எழுதினேன். மருந்து சரிதான். சொன்ன காரணம் பொய். பெயர் கெட்டுவிடும், ஒரகடம் முழுக்கப் பரவும் என்ற பயம்.

அவர் என்னை நம்பினார். காற்று அடிக்கும் பக்கம் முழுவதும் தார்ப்பாய் வாங்கிக் கட்டினார். "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்று என்னிடமே வருந்தினார். சீசனில் சில முகூர்த்தங்களுக்குக் குதிரையை அனுப்ப முடியாமல் வாடகை போயிற்று. சில வாரங்களில் நரம்பு தேறி உதடு பழைய நிலைக்கு வந்தது. அவருடைய குற்றவுணர்ச்சி தீரவில்லை. என் தவறை ஓர் ஏழை மனிதரின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, அவர் கையாலேயே ஃபீஸும் வாங்கியிருக்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன் அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஃபீஸையும் தார்ப்பாய்க் காசையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கெட்டமின் 2013-இலிருந்து எக்ஸ் அட்டவணையில் உள்ள கட்டுப்பாட்டு மருந்து. வந்தது, செலவானது, மிச்சம் என்று என் பதிவேட்டில் கணக்கு உண்டு. அந்த நாளின் கணக்கும் சுத்தமாக இருக்கிறது. குதிரை எத்தனை மணிக்கு எழுந்தது, எப்படி எழுந்தது என்று மட்டும் அதில் இல்லை, ஏனென்றால் நான் அங்கே இல்லை. இப்போது அந்த வரியை எழுதாமல் நான் கிளம்புவதில்லை. குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், "எழுந்து நிற்கும் வரை இருப்பீங்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். இருக்க முடியாது என்றால், அன்றைக்கு வேலை வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். அது நானாக இருந்தாலும்.