முன்பக்கம் பார்க்க முதல் பின்பக்கம் பாருங்கள்



"சேர், ஒரு அனலொக் சிந்தசைசர் வாங்கப் போறோம், எது நல்லம்?" என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். என் கதையையே சொல்கிறேன், உதவியாக இருக்கலாம்.

என்னிடம் ஏற்கனவே ஒரு யமஹா கீபோர்டும், கோர்க் வோல்கா பீட்ஸ் என்ற சின்ன டிரம் மெஷினும் இருந்தன. தமிழ்த் தினப் போட்டி நாடகங்களுக்கு இந்த இரண்டையும் வைத்துத்தான் பின்னணி ஒலி கொடுத்து வந்தேன். மூன்றாவதாக கோர்க் மினிலோக்கில் ஆசை. 2016 இல் வந்தது. ஒரே நேரத்தில் நான்கு சுரம் ஒலிக்கும். கொழும்பில் பாவித்த ஒன்று விலைக்கு வந்தது. கையில் இருந்ததோ மனைவியின் சீட்டுக் காசு. குசினிக் கூரைக்கென்று வைத்திருந்தது.

அவ ஒன்றுதான் கேட்டா: "இரிக்கிற ரெண்டும் செய்யாத என்ன வேலைய இது செய்யப் போகுது?"

எனக்குப் பதில் வரவில்லை. இரவு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பல சுரங்களைச் சேர்த்து வாசிக்க யமஹா இருக்கிறது. தாளத்துக்கு வோல்கா இருக்கிறது. இல்லாதது இரண்டு: அடியில் நிற்கும் கனமான பேஸ், கையால் திருகித் திருகி மாற்றக்கூடிய ஒலி. இரண்டுக்கும் ஒரு நேரத்தில் ஒரு சுரம் போதும். அதற்கு அதே கோர்க்கின் மொனோலோக் காணும், விலையும் குறைவு.

பிறகு பின்பக்கத்தைப் பார்த்தேன். என் யமஹாவில் யூ.எஸ்.பி மட்டும்தான். அந்த வயரைக் கம்பியூட்டருக்குக் கொடுக்கலாம், இன்னொரு சிந்தசைசருக்கு நேராகக் கொடுக்க முடியாது. ஆனால் வோல்காவில் "சிங்க்" துளை உண்டு, மொனோலோக்கிலும் உண்டு. ஒரு 3.5 மி.மீ. வயர் போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும். யமஹாவை எப்போதும்போல கையால் வாசித்துக்கொள்ளலாம். மிக்சரில் ஒரு இடம் காலியாக இருக்கிறதா என்றும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

குறையும் உண்டு. மெதுவாக விரிகிற கோர்ட் ஒன்று வேண்டும்போது மினிலோக் இன்னும் நினைவுக்கு வரும்.

ஆனால் இம்முறை நாடகத்தில் கடல் வேண்டியிருந்தது. முன்பு கீபோர்டில் ஒரே அலைதான் திரும்பத் திரும்ப வரும். இப்போது மொனோலோக்கின் இரைச்சல் ஒலியை ஃபில்டருக்குள் விட்டு, ஒரு மாணவனிடம் அந்தத் திருகியைக் கொடுத்தேன். நடிப்பவன் குரல் தாழ்ந்தால் கடலையும் தாழ்த்தினான், குரல் உயர்ந்தால் கடலையும் உயர்த்தினான். அதன் சின்னத் திரையில் அலை வடிவமும் தெரியும். விஞ்ஞானப் பாடத்தில் நான் கரும்பலகையில் கீறிக் காட்டுகிற சதுர அலையைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

மிஞ்சிய காசில் கூரைத் தகடு வந்துவிட்டது. மாரிக்கு முதல் போட்டு முடிக்க வேண்டும்.

வாங்கப் போகிற பிள்ளைகளே, "எது நல்லம்" என்று என்னிடம் கேட்க முதல், உங்களிடம் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பிறகு என் மனைவி கேட்ட கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.