மூடிய புத்தகம்

அரை மணி நேரமாக அதே பக்கம். பத்தாம் வகுப்புப் பையன் அறிவியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். திருவண்ணாமலையில் மாட வீதியை ஒட்டிய சின்ன வீடு. பௌர்ணமி என்பதால் வெளியே கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல்.

"படிக்கிற மாதிரி நடிக்கிறதுக்கு எதுக்குடா புத்தகம்?" என்று கேட்டுவிட்டு அப்பா கடைக்குக் கிளம்பிவிட்டார். பையன் பதில் பேசாமல் புத்தகத்தை மூடினான்.

ஆயாவுக்குத்தான் பகீரென்றது. "இந்த மாதிரி ஒரு பேச்சைக் கேட்டுத்தாம்மா ரமணர் வீட்டை விட்டுக் கிளம்புனாரு" என்றார் மருமகளிடம்.

ஊரறிந்த கதைதான். 1896, மதுரை. அப்பா இறந்தபின், 16 வயது வேங்கடராமன் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். ஜூலையில் திடீரென்று வந்த மரண பயம் அவரை அடியோடு மாற்றிவிட்டது. விளையாட்டில், சாப்பாட்டில்கூட நாட்டம் போனது. வீட்டார் கண்ணில் பட்டதென்னவோ படிப்பு கெட்டதுதான். ஆகஸ்ட் 29 அன்று, ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும் தண்டனை. இரண்டு முறை எழுதியவர், நோட்டைத் தள்ளிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தார். இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிற மாதிரி அண்ணன் நாகசாமி ஒரு சொல் சொன்னார். அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதியோடு ஒரு சீட்டையும் வைத்துவிட்டு ரயிலேறினார் தம்பி.

அருளின் ஏற்பாடு என்பார்கள் அடியார்கள். இருக்கட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தால் மட்டும் தங்கியிருப்பாரா என்ன? ஆனால் தாய் அழகம்மாள் பக்கம் நின்று பார்த்தால் மனசு கேட்பதில்லை. 1898 டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்து நாள் கணக்கில் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. பதிலைக் காகிதத்தில் எழுதித்தான் காட்டினார். மகனோடு தங்க அந்தத் தாய்க்கு 1916 வரை ஆனது.

மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "என்னடா ஆச்சு?" என்று நாலு நாளாகக் கேட்டு, "ஒண்ணுமில்ல" என்ற பதிலே வாங்கியிருந்தாள். இப்போது கேள்வி கேட்கவில்லை.

"மனசு சரியில்ல போல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பக்கத்துல உக்கார்றவன் ஒரு வாரமா எங்கூட பேசுறதில்லம்மா. ஏன்னே தெரியல."

'இதுக்குப் போயா? வேற ஃப்ரெண்டே இல்லையா?' நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள்.

"ஒரு வாரமாவா? பக்கத்துலயே உக்காந்துகிட்டு பேசாம இருந்தா கஷ்டமாதாண்டா இருக்கும்."

பையனின் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் அவன் பேச ஆரம்பித்தவன்தான், நிறுத்தவில்லை. சாவியை மறந்துவிட்டுத் திரும்பி வந்த அப்பாவை, ஆயா வாசலிலேயே கை காட்டி நிறுத்தினார்.