மூடப்பட்ட செமினரியும் ஒரு கணக்குக் கொப்பியும்

2023ஆம் ஆண்டு மார்கழி மாதத்துடன் எமது திட்டம் முடிவுக்கு வந்தது. வட்டுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில், குடும்பத்தைத் தனியே தலைமை தாங்கும் பெண்களுக்காக நடத்திய மாலை வகுப்பு அது. வரவு செலவு எழுதுதல், படிவம் நிரப்புதல், அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதுதல் ஆகியவற்றை இரண்டு வருடங்கள் கற்பித்தோம். நிதி வழங்கியவர்கள் தமது முன்னுரிமைகள் மாறிவிட்டதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதைப் பெண்களிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது.

"அப்ப இனி வரமாட்டியளோ மிஸ்?" என்று ஓர் அக்கா கேட்டார். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு ஒன்பதாம் வகுப்பில் படிப்பை நிறுத்தியவர் அவர். பின்னர் போரில் கணவரையும் இழந்தவர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்று திரும்பும் வழியில் யாழ்ப்பாணக் கல்லூரியைக் கடந்தபோது எனக்கு டானியல் பூவரின் நினைவு வந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் அவரைப் பற்றி வாசித்திருக்கிறேன். அதே இடத்தில் அவர் கட்டியெழுப்பிய வட்டுக்கோட்டைச் செமினரியும் ஒரு நாள் இப்படித்தான், தூரத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவினால் மூடப்பட்டது.

பூவர் 1789ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியிலும் அன்டோவர் இறையியல் செமினரியிலும் படித்தவர். 1815இல் திருமணம் செய்து, அதே வருடம் மனைவி சூசனுடன் கப்பலேறினார். 1816 பங்குனியில் கொழும்பை அடைந்தார்கள். அந்த வருட இறுதிக்குள் தெல்லிப்பழையில் குடியேறி, தமிழ் படித்து, பாடசாலை தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கான செமினரி ஆரம்பமானது. 1835 வரை அதன் தலைவராக இருந்தவர் பூவர்.

அவர் வந்த நோக்கம் சமயம் பரப்புவது. அதை அவர் மறைக்கவில்லை, நாமும் மறக்கத் தேவையில்லை. எமது மக்களின் வழிபாட்டைத் தவறென்று கருதியவர் அவர். ஆனால் அவருடைய செமினரியில் வேதத்துடன் தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் என்பனவும் கற்பிக்கப்பட்டன.

1829இல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. உள்ளூர்ப் பஞ்சாங்கம் சொன்ன கணக்கும் பூவரின் கணக்கும் நேரத்திலும் அளவிலும் வேறுபட்டன. பூவர் தமது கணக்கை முன்கூட்டியே வெளியிட்டார். அன்றிரவு வானத்தைப் பார்த்தவர்கள் அவருடைய கணக்குச் சரியாக இருந்ததைக் கண்டார்கள். அவர் இதைத் தமது சமயத்துக்குச் சாதகமாகவும் பயன்படுத்தினார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. யார் சொன்னாலும் கணக்கைப் போட்டுப் பார், கண்ணால் சரிபார் என்ற பழக்கம் அந்த மாணவர்களிடம் வளர்ந்தது. அந்தப் பழக்கம் ஆசிரியரையும் ஒரு நாள் கேள்வி கேட்கும்.

இந்தக் கதையில் பெண்கள் எங்கே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சூசன் 1821இல் தெல்லிப்பழையில் இறந்தார். ஊர் வந்து ஐந்து வருடங்கள்கூட நிறையவில்லை. பூவரைப் பற்றி எழுதுபவர்கள் அவரை ஒரு வரியில் கடந்து விடுகிறார்கள். தெல்லிப்பழையில் 1818இல் பிறந்த மகன் டானியல் வாறன், அமெரிக்காவில் படித்துப் போதகராகி, பின்னர் தந்தையைப் போல் ஒரு செமினரியில் கற்பித்தார். பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புவதன் வேதனை எமக்குப் புதிதல்ல. அதனால் அந்த வரியில் நான் நீண்ட நேரம் நின்றேன்.

வட்டுக்கோட்டைச் செமினரி ஆண்களுக்கானது. பெண்களுக்கு 1824இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் பொறுப்பில் விடுதிப் பாடசாலை தொடங்கியது. படித்த கிறிஸ்தவ இளைஞர்களுக்குப் படித்த மனைவியர் வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. மாணவியாக இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பெண் படிப்பது தனக்காக இல்லையா? ஆனால் எழுத்தைக் கற்ற பெண் அதை எதற்குப் பயன்படுத்துவாள் என்பதை, கற்பித்தவர் தீர்மானிக்க முடியாது.

பூவர் 1836இல் மதுரைக்குச் சென்று பல பாடசாலைகளை ஆரம்பித்து, 1841இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1855 மாசியில் மானிப்பாயில் வாந்திபேதி அவரைக் கொண்டு சென்றது. அப்போது அவருக்கு 65 வயது. அதே வருடத்தில் செமினரியும் மூடப்பட்டது. மிசன் தலைமையகத்திலிருந்து றூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த குழு, மாணவர்கள் ஆங்கிலம் படித்து அரசாங்க வேலைக்குப் போகிறார்கள், போதகர்களாக வருபவர்கள் போதாது என்று கண்டது. நிதி கொடுத்தவர்கள் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. எமது மொழியில் சொன்னால், திட்டம் தனது இலக்கை அடையவில்லை.

ஆனால் அங்கு படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்து, ஏட்டிலிருந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். எந்த அறிக்கையின் இலக்கிலும் இது இருந்திருக்காது. 1872இல் ஊர் மக்களின் முயற்சியால் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி உருவானது. மூடியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். திறக்க வேண்டும் என்று நின்றவர்கள் அங்கு படித்தவர்களும் ஊரவர்களும்.

எட்டு மாதங்களின் பின் அந்தக் கிராமத்துக்குப் போனேன். வகுப்பு நின்றது பற்றி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த அக்கா என்னை இருத்தி, தேநீர் தந்து, ஒரு கொப்பியை எடுத்து வந்தார். வாரக் கடன் கட்டிய ஒவ்வொரு தவணையும் திகதியுடன் அதில் எழுதப்பட்டிருந்தது. கடன் அட்டையில் இரண்டு தவணைகள் பதியப்படவில்லை என்பதைக் கொப்பியை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். தானே கடிதம் எழுதி, கொப்பியையும் கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்.

"முதல்லை நாங்கள்தான் பிழை எண்டு சொன்னவை. நான் கூட்டிக் காட்டினன். பிறகு திருத்தித் தந்தவை" என்றார்.

கடன் இன்னும் முடியவில்லை. முன்பு வந்த பதினெட்டுப் பெண்களில் ஏழு பேர் மட்டும் சனிக்கிழமைகளில் அவருடைய திண்ணையில் கூடுகிறார்கள். மற்றவர்களுக்கு வேலை, பிள்ளைகள், களைப்பு. அந்த ஏழு பேரின் கொப்பிகளையும் அவர்தான் பார்த்துத் திருத்துகிறார். எங்கள் அலுவலகத்தில் அந்த வகுப்பின் கோவை மூடப்பட்டு அலுமாரியில் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் ஊருக்கும் ஏதோ ஒரு திட்டம் வந்திருக்கும், போயிருக்கும். இனியும் வரும், போகும். வருபவர்களின் நோக்கத்தை ஒரு தடவை கேளுங்கள். அவர்கள் இருக்கும்போது கற்கக்கூடியதைக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றதை எழுதி வையுங்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

நான் புறப்படும்போது அந்த அக்கா படலை வரை வந்தார். "சனிக்கிழமை நேரம் இருந்தால் வாங்கோ மிஸ். வட்டிக் கணக்கு எங்களுக்கு இன்னும் வடிவா விளங்கேல்லை" என்றார்.

போய்க்கொண்டிருக்கிறேன்.