தகைவிலானும் ஒரு பழைய கேள்வியும்



மகள் வீட்டுக்கு, கனடா வந்து மூன்று வாரம் ஆகிறது. மே மாதம் பிறந்துவிட்டது, இங்கே இதுதான் வசந்தமாம். காலையில் 4 டிகிரி! நம்மூர் மார்கழிக்கே வகுப்பு ஜன்னலைச் சாத்தச் சொன்னவன் நான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கே பேத்தி எழுப்பி, "தாத்தா, பறவை பார்க்கப் போலாம்" என்றாள். மகள் இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கையுறை எல்லாம் மாட்டிவிட்டாள். ஸ்கார்பரோவில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கும் பிளஃபர்ஸ் பார்க்குக்குப் போனோம். பின்னால் செங்குத்தான மண்மலை, முன்னால் கடல் மாதிரி ஏரி. தண்ணீர் இன்னும் சூடேறாததால் அதன் மேல் வரும் காற்று ஊசியாய்க் குத்துகிறது.

சம்புப் புதரில் தோளில் சிவப்புப் பட்டையோடு ஒரு கருப்புப் பறவை கத்திக்கொண்டிருந்தது. "ஆண் பறவை முதல்ல வந்து இடம் பிடிக்கும், பெண் பறவை அப்புறம்தான் வரும் தாத்தா" என்று பேத்தி பாடம் நடத்தினாள். கைகட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் தண்ணீரை ஒட்டி இருபது முப்பது குருவிகள் பாய்ந்து வந்தன. கருநீல முதுகு, செம்பழுப்புத் தொண்டை, பிளந்த வால். தகைவிலான்! குளிரில் பூச்சிகள் உயரப் பறக்காது. அதனால் இவையும் தண்ணீரை உரசுகிற மாதிரி தாழப் பறந்து இரை பிடிக்கின்றன. பைனாகுலரே தேவைப்படவில்லை.

ஐப்பசி தொடங்கி பங்குனி வரை நம் பள்ளி முன்னால் கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அதே இனம். ஆனால் அதே பறவைகள் அல்ல. நம்மூருக்கு வருபவை இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் வருகின்றன. இங்குள்ளவை குளிர்காலத்துக்கு மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா போகின்றன. எடை என்னவோ 20 கிராம் அளவுதான்.

1991-இல் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் வலசை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "இங்கிருந்து போனப்புறம் அங்க யாரு சார் அதைப் பார்ப்பாங்க?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "பரீட்சைக்கு வராததையெல்லாம் கேட்காதே, உட்கார்" என்றேன். அந்த வருடம் முழுக்க அவன் வேறு கேள்வியே கேட்கவில்லை. பையன் ஒழுங்காகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று கரையில் நாய் பிடித்த ஒருவர், பிளாஸ்க்கோடு ஒரு சீனப் பாட்டி, என் பேத்தி, நான். எல்லோரும் நடுங்கிக்கொண்டே அந்தக் குருவிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா தெரியாது. அங்கேயும் பார்க்கிறார்கள் அப்பா. உன் கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்ல உன் சாருக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாடத்துக்கு வெளியே கேட்கிற பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

ஆடியில் ஊர் திரும்புகிறேன். புரட்டாசி வாக்கில் கம்பியில் முதல் தகைவிலானைப் பார்ப்பவர்கள் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்