கடைசி வரிசையில் யார்?

மகன் மின்சாரக் கார் வாங்கப் போகிறான். ஆறு சீட்டா, ஏழு சீட்டா என்று ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு.

பழைய அம்பாசிடரில் இந்தக் கேள்வியே எழாது. முன்னாலும் ஒரே நீள சீட்டு. கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். குழந்தைகள் பெரியவர்கள் மடியில்.

2025 நவம்பரில் வந்த மகிந்திராவின் எக்ஸ்.இ.வி. 9எஸ் ஏழு பேருக்கானது. கியாவின் இ.வி.9 ஆறு பேருக்கு. நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட்டு. விலை ஒரு கோடிக்கு மேல், நாம் வேடிக்கை பார்க்கலாம்.

நடுவில் நீள சீட்டு இருந்தால் மூன்று பேர் உட்காரலாம். ஆள் குறைந்தால் கால் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் கடைசி வரிசைக்குப் போக அதை மடக்கி, குனிந்து ஏற வேண்டும். மின்சார வண்டியில் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தளம் சற்று உயர்ந்துவிடும். பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் தூக்கி நிற்கும். பேரனுக்கு அது விளையாட்டு. அடி அண்ணாமலையிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம், எழுபது வயது மூட்டு தாங்காது.

"சீட்டை எண்ணாதே, கடைசி வரிசையில் யார் என்று முதலில் சொல்" என்றேன்.

பேரனும் பேத்தியும் என்றான். அப்படியென்றால் ஏழு சீட்டே சரி. அவர்கள் வராத நாளில் பின்வரிசையை மடக்கினால் பெட்டி வைக்க இடமாகும்.

"வளர்ந்து கால் இடித்தால்?" என்றாள் மருமகள்.

"அதற்குள் நடுவில் இரண்டு சீட்டு காலியாகிவிடும்மா" என்றேன். மனைவி முறைத்தாள்.