எந்தப் பிரிவு எடுப்பது?

பென்னலூரிலிருந்து ஒரே பேருந்தில் பள்ளிக்கு வரும் நாங்கள் மூவரும் சில நாட்களாக ஒன்றையே பேசுகிறோம்: பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு? கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் பிரிவை எடுத்தால் பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் வழியுண்டு. ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கும் எங்கள் அப்பாக்களுக்கு இயந்திரப் படிப்பே மேல். அம்மாக்களுக்கோ டாக்டர் ஆசை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். பொறியியல் சேர்க்கைக்குரிய 200 மதிப்பெண்ணில் பாதி கணிதத்துக்கு. நீட் தேர்வின் 720இல் பாதி உயிரியலுக்கு. அதற்கு இது உதவாது, இதற்கு அது உதவாது! "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று சிஸ்டர் சிரித்தார்கள். ஆயினும் பதினைந்து வயதில் ஒரு வழியை அடைக்க மனம் வரவில்லை. இருவர் முதல் பிரிவு என்று பேனாவால் எழுதிவிட்டோம். தவளைப் படத்துக்கே முகம் சுளிக்கும் மூன்றாமவள், உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் என்று பென்சிலால் எழுதியிருக்கிறாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.