சன்னபட்டணத்தில் ஒரு மூடி

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் இருப்புப்பாதையில் இராமநகரத்துப் பாறைக்குன்றுகளைக் கடந்ததும் சன்னபட்டணம் வருகிறது. தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அரக்கு பூசிய மரப்பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இத்தொழிலைத் திப்பு சுல்தான் ஆதரித்து வளர்த்தார் என்பர். அன்பர்கள் பலரும் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்க அங்குச் செல்வதுண்டு. நாம் சென்றதோ வேறொரு காரியத்துக்கு.

எந்தையார் வைத்திருந்த திருநீற்றுச் சிமிழ் ஒன்று நம் இல்லத்தில் உண்டு. அம்பாசமுத்திரத்துக் கடைசற்காரர் ஈட்டி மரத்தில் செய்தது. மூடியை மரையில் திருகி மூடவேண்டும். உத்தியோக மாற்றலில் வீடு மாறியபோது மூடி பிளந்துவிட்டது. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. சிமிழின் வாயைக் காகிதத்தால் மூடி, நூல் சுற்றி வைத்தார்.

சன்னபட்டணத்தில் மூன்று பட்டறையினர் கைவிரித்தனர். நான்காமவர் முதியவர். சீப்புப்போல் பல்லுடைய உளி ஒன்றைச் சிமிழின் மரைமேல் வைத்துப் பார்த்தார், வேறொன்றை வைத்தார். மூன்றாவதன் பற்கள் பள்ளங்களில் இடைவெளியின்றிப் பொருந்தின. "ஆகும்" என்றார் கன்னடத்தில்.

பொம்மைக்கு உதவும் ஆலெ மரத்தை, அதாவது நம் வெட்பாலையை, அவர் தொடவில்லை. மென்மரத்தில் நுண்ணிய மரை உதிர்ந்துவிடுமாம். ஈட்டித் துண்டொன்றைக் கடைந்து குடைந்தபின், கடைசலின் வேகத்தைக் குறைத்து உளியை உள்ளே செலுத்தினார். மரம் ஒரு முறை சுழல்வதற்குள் உளி ஒரு பல் தொலைவு முன்னேற வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மரை குலையும். கைப்பழக்கம் ஒன்றே அளவுகோல். முதல் மூடி குலைந்தது, எறிந்துவிட்டார். இரண்டாவதில் சிறிது சிறிதாக ஆழம் கூட்டி முடித்தார்.

மூடி சற்றே தளர்வாகத் திருகியது. நம் முகக்குறிப்பை உணர்ந்து, "மழைக்காலத்தில் மரம் பருக்கும். இப்போதே இறுக்கினால் அப்போது பிளக்கும்" என்றார். இவ்வேலையைத் தம்மிடம் கற்க ஒருவரும் வரவில்லை என்றும் சொன்னார். கூலியாகக் கேட்டது ஒரு பொம்மையின் விலைதான்.

அன்னையார் மூடியைத் திருகிப் பார்த்தார். "நிறம் வேறாக இருக்கிறதே" என்றார். பின்னர்க் காகிதத்தை எடுத்து எறிந்துவிட்டு, சிமிழைப் பூசையறையில் பழைய இடத்தில் வைத்தார்.

அன்பர்களின் இல்லங்களிலும் இத்தகைய பண்டங்கள் இருக்கக்கூடும். மூடி உடைந்ததென்று எறிந்துவிட வேண்டா. கடைசற்காரரிடம் செல்லுங்கால் அடிப்பாகத்தையும் தவறாது கொண்டு செல்க. எந்த உளி வேண்டுமென்பதை அந்தப் பழைய மரைதான் காட்டும்.